புதுப்பிப்பு: ஓ'சல்லிவன் கப்பல் பட்டியலில் கிடைத்துவிட்டார்

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலிருந்து 1909 வாக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஓ'சல்லிவன் ஒருவர் எல்லிஸ் தீவுப் (நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிவுசெய்த இடம்) பயணிகள் பட்டியலில் அகப்படவில்லை என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்த யோசனை: கப்பலை விட்டுவிட்டு முதலில் அமெரிக்கக் குடியுரிமைக் கோப்பைப் பாருங்கள் என்றது. 1906 செப்டம்பருக்குப் பிந்தைய விருப்ப அறிவிப்புப் படிவத்தில் (குடியுரிமை பெற விரும்புவதாக முதலில் தரும் அறிவிப்பு) கப்பலின் பெயர், இறங்கிய துறைமுகம், தேதி மூன்றும் இருக்கும். (1922க்கு முன் மணமான பெண்கள் பெரும்பாலும் கணவர் வழியாகவே குடியுரிமை பெற்றதால் அவர்களுக்குத் தனிக் கோப்பு கிடைப்பது அரிது.) ஓ'சல்லிவனின் படிவத்தில் இருந்த துறைமுகம் நியூயார்க் அல்ல, பாஸ்டன். எல்லிஸ் தீவில் தேடினால் எப்படிக் கிடைக்கும்!

தேதி தெரிந்த பிறகும் பெயர்த் தேடலில் வரவில்லை. 'ஓ' விடுபட்டு, சாய்வெழுத்து 'எஸ்' அட்டவணையில் 'எல்' ஆகியிருந்தது. அந்தத் தேதிக்குரிய பட்டியல் பக்கங்களின் படங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் பிடிக்க முடிந்தது.

எதிர்பாராதது இரண்டு. 1907 முதல் ஒவ்வொருவரின் பதிவும் இரண்டு பக்கங்களில் ஓடுகிறது. தேடலில் திறப்பது இடப்பக்கம் மட்டும். அடுத்த படத்துக்குப் போனால்தான் யாரிடம் போகிறார், உயரம், பிறந்த ஊர் எல்லாம் தெரியும். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, தொழில் பத்தியில் பிற்காலத்தில் கிறுக்கிய எண். அது 1926க்குப் பிறகு குடியுரிமைக்காகப் பதிவைச் சரிபார்த்ததன் அடையாளம். ஆள் அவர்தான் என்று உறுதிசெய்தது.

இடப்பக்கத்தில் ஊரிலிருந்த நெருங்கிய உறவினரின் முகவரியும் இருந்தது. அதிலிருந்த டவுன்லேண்ட் (அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு) பெயரை அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தின் இலவச 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் போட்டதும் குடும்பம் முழுவதும் வந்துவிட்டது.