தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனவர்கள், ஊர்ப் பெயரோடு இங்கே சொல்லுங்கள்

பேவ்யூ, சாட்ஸ்வர்த்:
2021 உள்ளாட்சித் தேர்தல். நவம்பர் 1 ஓட்டு, 4 தீபாவளி. எந்த வீட்டிலும் நின்று பேச ஆளில்லை. ஒரு ஆயா கேட்டைத் திறக்காமல் கம்பி வழியாகவே நோட்டீஸை வாங்கினார். படிக்கவில்லை. நாலாக மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார். "84-ல் ஓட்டுக் கேட்டு வந்தவங்களும் இப்படித்தான் சிரிச்சாங்க. போடாதீங்கன்னு சொல்ல வந்த பையன்களுக்குத்தான் நான் டீ போட்டுக் கொடுத்தேன்" என்றார். எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தலான 94-ல் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றாராம். அப்படிப்பட்டவர் ஏன் இன்று கேட்டைக்கூடத் திறக்கவில்லை? இன்னும் மனசை அரிக்கிறது.

டோங்காட்:
ஆயாவின் கோபம் நியாயம்தான். ஆனால் 84-ஐ இதோடு சேர்க்காதீர்கள். நிறவெறி ஆட்சியின் மூன்று அவைப் பாராளுமன்றத்தில் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று ஆளுக்கொரு அவை; கறுப்பின மக்களுக்கு இடமே இல்லை. பதிவு செய்த இந்தியர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் போட்டார்கள். போடாததுதான் அன்றைக்குப் பதில். இன்று போடாவிட்டால் யாருக்கும் வலிக்காது.

நான் போனது 2024 மே தேர்தலுக்கு. ஒரு அக்கா பேசவே விடாமல் குளியலறைக்குக் கூட்டிப்போனார். சுவரோரம் வரிசையாக வாளிகள், எல்லாம் தளும்பத் தளும்ப. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே பாழாகி, மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்த ஊர் இது. தண்ணீர் திரும்பி வந்தும் அவர் வாளிகளை எடுக்கவில்லை. "இதைப் பார்த்துட்டுப் பேசு தம்பி" என்றார்.

மெரிபேங்க்:
கட்டிலோடு கிடந்த ஒரு தாத்தா, தலையணைக்கு அடியிலிருந்து பச்சை அடையாளப் புத்தகத்தை எடுத்து நீட்டி, "எப்போ வர்றாங்க?" என்று கேட்டார். தேர்தல் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்க விண்ணப்பிக்கும் தேதி முடிந்துபோயிருந்தது. அவர் கையை இறக்கவே இல்லை.

அதனால் சொல்கிறேன், கடைசி வாரம் போய்ப் பயனில்லை. முன்கூட்டியே போங்கள். முதல் கேள்வி கட்சியைப் பற்றி வேண்டாம், வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் பதிவைச் சரிபார்க்க உதவுங்கள். அடையாள எண்ணைத் தேர்தல் ஆணையத்தின் 32711-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும். உள்ளாட்சித் தேர்தலில் பதிவு செய்த சாவடியில் மட்டும்தான் போட முடியும். வீடு மாறியவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். டர்பனில் இரண்டு ஓட்டுச் சீட்டு: ஒன்று வார்டு ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு. ஒன்றைப் போட்டதும் வேலை முடிந்தது என்று பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள், வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

பேவ்யூ தம்பி, அந்த ஆயாவைப் போய்ப் பாருங்கள். நோட்டீஸ் எடுத்துப் போகாதீர்கள்.