தாத்தா சைக்கிளை விட்டு இறங்கியது மனநிறைவா?

மூன்றாம் லயம் (திங்கள், இரவு 9:12)

நிறைகுடம் ஐயா நேற்று "ஆசையை விட்டால் குறையே இல்லை" என்று ஒரு பதிவு போட்டிருந்தார். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய தாத்தா ரப்பர் தோட்டத்தில் ஒரே ஒரு ராலே சைக்கிளோடு நாற்பது வருடம் நிறைவாக வாழ்ந்தாராம். எதிரே வெள்ளைக்காரத் துரை வந்தால் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாராம். அவ்வளவு பணிவு, அவ்வளவு மனநிறைவு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மைவி போன்ற சின்னக் கார் போதவில்லை, ஹோண்டா கேட்கிறார்கள், அதனால்தான் நிம்மதி இல்லையாம். அதற்கு நூறு பேர் லைக் வேறு.

நான் ஒன்றுதான் கேட்கிறேன். அவர் இறங்கினாரா, இறக்கப்பட்டாரா?

1941-இல் மலாயாவில், சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்தினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, ஒழுங்கான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று போகிற கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்கார நிர்வாகி முன்னாலும் ஆசிய ஊழியர் முன்னாலும் தொழிலாளி சைக்கிளில் ஏறிப் போக அனுமதி வேண்டும். இதை எழுதிக் கேட்க வேண்டியிருந்தது, ஐயா! நாதனை மே மாதம் பிடித்தார்கள், அப்புறம் நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, சிலாங்கூரில் அவசரநிலை போட்டார்கள். அதே சிலாங்கூர்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டு "தாத்தா பணிவாக இறங்கினார்" என்று தியான வகுப்பு எடுத்தால் வயிறு எரியாதா?

நிறைகுடம் (9:40)

தம்பி, வணக்கம். கோபம் தெரிகிறது. கோபமும் ஆசை பெற்ற பிள்ளைதான்.

என் தாத்தாவை எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவர் மனமாரத்தான் இறங்கினார். கடைசிக் காலத்தில் ஓய்வுநாற்காலியில் உட்கார்ந்து அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஒரு நாளும் "எனக்கு அது இல்லையே" என்று சொன்னதில்லை. "வேண்டாமை அன்ன விழுச்செல்வம்" என்று வள்ளுவர் சொன்னதை வாழ்ந்து காட்டிய மனிதர். நீங்கள் அரசியலைக் கொண்டுவந்து அதில் மண் அள்ளிப் போடுகிறீர்கள்.

செந்தூல் ரயிலடி (9:47)

ஒரு சின்னச் சந்தேகம். தோட்டத்தில் ராலேயா? என் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர், மாதச் சம்பளக்காரர். அவரே சீட்டுப் பிடித்துத்தான் ராலே வாங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் கைக்கு அது எப்படி வந்தது? மூன்றாம் கை வண்டியா? செயின் மூடி இருந்ததா, இல்லையா?

நிறைகுடம் (9:55)

அவர் பால் வெட்டவில்லை. ஆபீஸ் கிராணி, கணக்கெழுதுகிறவர். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

மூன்றாம் லயம் (9:58)

ஆகா! இதைத்தான் எதிர்பார்த்தேன்.

"ஆசிய ஊழியர் முன்னாலும்" என்று மேலே எழுதினேனே, அந்த ஆசிய ஊழியர் வேறு யாரும் இல்லை, சாட்சாத் உங்கள் தாத்தாவைப் போன்ற கிராணிமார்தான். துரையைக் கண்டு உங்கள் தாத்தா இறங்கினார், சரி. உங்கள் தாத்தாவைக் கண்டு என் தாத்தா இறங்கினாரே, அது எந்தக் கணக்கில்? அதுவும் மனநிறைவா? கிராணி பங்களாவில் ஓய்வுநாற்காலி போட்டு "போதும்" என்று சொல்வது சுலபம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இருட்டோடு நின்று, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுமா விழாதா என்று கிராணியின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் போதும் என்ற வார்த்தையே வராது.

குறளுக்கும் வருகிறேன். நீங்கள் சொன்னது அவா அறுத்தல் அதிகாரம், துறவறவியலின் கடைசி அதிகாரம். துறவிக்குச் சொன்னது. கிராணிக்குச் சொல்லவில்லை. அதே வள்ளுவர் பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரமும் நல்குரவு என்று ஓர் அதிகாரமும் எழுதினார். இன்மையைப் போலத் துன்பம் தருவது இன்மைதான் என்று நல்குரவின் முதல் குறளே சொல்கிறது. தோட்டத்து ஆளுக்கு எந்த அதிகாரத்தை எடுத்துப் படிப்பீர்கள்?

சொல்லாய்வான் (10:06)

இருவரும் சைக்கிள், சைக்கிள் என்றே எழுதுகிறீர்கள். மிதிவண்டி என்று அழகான சொல் இருக்கிறது. ஈருருளி என்றும் எழுதலாம். மலாய்க்காரர்கள் கூட பாசிக்கல் என்று தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். நம் ஆட்கள்தான் அப்படியே தூக்கிக்கொண்டு வருவார்கள்.

செந்தூல் ரயிலடி (10:08)

ஈருருளியை விட்டு இறங்கினார் என்று எழுதினால் துரைக்கே சிரிப்பு வந்து, போய்த் தொலை என்று விட்டிருப்பான்.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் (10:31)

அண்ணன்மார்களே, ஓய்வு நேரத்தில் எழுதுகிறேன், நீளமாக எழுத முடியாது. தாத்தாவை விடுங்கள், என் கதையைச் சொல்கிறேன். 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில், நினைத்தபோது பணம் எடுக்கக்கூடிய அந்த மூன்றாவது கணக்கு வந்ததும் எங்கள் தொழிற்சாலை லைனில் பாதிப் பேர் அந்த வாரமே பணத்தை எடுத்தார்கள். நானும் எடுத்தேன். எதற்கு? ஏர்ஃப்ரையர் வாங்க. வீட்டில் நல்ல வாணலி இருக்கிறது. பக்கத்து மெஷினில் வேலை செய்கிறவள் வாங்கிவிட்டாள் என்பதற்காக எனக்கு அது குறையாகத் தெரிந்தது. வாங்கிய மூன்றாம் மாதம் அது அலமாரிக்கு மேலே போய்விட்டது. அப்புறம் தவணைக்கு வாங்கும் செயலிகளை ஒவ்வொன்றாகக் கணக்கு முடித்து அழித்தேன். நாலு இருந்தது. கடைசியை அழித்த அன்று சும்மா உட்கார்ந்து தேநீர் குடித்தேன், நன்றாக இருந்தது. எந்தத் துரையும் என்னை இறங்கச் சொல்லவில்லை, நானாக இறங்கினேன். ஆக நிறைகுடம் ஐயா சொல்வதிலும் ஏதோ இருக்கிறது, மூன்றாம் லயம் அண்ணன் சொல்வதிலும் இருக்கிறது. ஆசை எது, தேவை எது, உரிமை எது என்று முதலில் பிரித்துக்கொண்டு பேசினால் என்ன?

நிறைகுடம் (10:36)

அருமை மகளே! பார்த்தீர்களா, பினாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளைக்குப் புரிகிறது. "நானாக இறங்கினேன்" என்கிறார். என் தாத்தாவும் அப்படித்தான் தானாக இறங்கினார்.

மூன்றாம் லயம் (10:41)

தங்கச்சி, ஏர்ஃப்ரையர் விஷயம் வேறு, அதை இங்கே கலக்காதீர்கள். பாருங்கள், உங்களை உடனே கொடியாகப் பிடித்துக்கொண்டார்.

ஐயா, "தானாக" என்றால் என்ன பொருள்? இறங்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று உங்கள் தாத்தா சொன்னாரா? சிரித்துக்கொண்டே சொன்ன கதையில் அந்தப் பாகம் இருந்ததா? இறங்க மாட்டேன் என்று சொல்ல முடிகிறவன் இறங்கினால்தான் அது பணிவு.

நிறைகுடம் (10:50)

அந்த வேலைநிறுத்தமே ஆசையில் பிறந்ததுதானே, தம்பி? கூலி கூடுதலாக வேண்டும், அது வேண்டும், இது வேண்டும். கிடைத்த பிறகு நிம்மதி வந்ததா? அந்த வருடம் முடிவதற்குள் ஜப்பான்காரன் வந்து இறங்கிவிட்டான். கேட்டதையெல்லாம் மறந்து உயிர் பிழைத்தால் போதும் என்று ஆனது. ஆசைக்கு முடிவே கிடையாது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

மூன்றாம் லயம் (11:03)

ஜப்பான்காரன் வந்ததற்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? (அவனும் சைக்கிளில்தான் வந்தான், அது வேறு.)

அந்தப் பட்டியலை நீங்கள் முழுதாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அதில் ஒரு கோரிக்கை. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையைத் திறந்து வைத்து, கூலியை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கினார்களே, அந்தக் கடையை. எங்களுக்கு அந்த ஆசை வேண்டாம் என்று சொன்னது எங்கள் ஆட்கள். அவர்களுக்கு ஆசை காட்டிக்கொண்டிருந்தது நிர்வாகம். எழுபது வயது வரைக்கும் குறள் படித்தும் இது உங்கள் கண்ணில் படவில்லை.

என் பாட்டியைப் பற்றியும் சொல்கிறேன். தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் போட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தபோது பாட்டிக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு அம்மிக்கல், சாமிப் படம் இரண்டு. அடுக்குமாடியில் எட்டாவது மாடிக்கு அம்மியைத் தூக்க முடியாது என்றோம். "சரி, விடு" என்றார். வாசல் மாமரம்? "விடு." முருங்கை? "விடு." மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். என்ன வேண்டும் பாட்டி என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்பா, போதும்" என்பார். சாகும்வரை அதே பதில். வந்தவர்கள் எல்லாம் எவ்வளவு நிறைவான மனுஷி என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். கேட்டால் கிடைக்காது என்று ஆயுசுக்கும் படித்தவர் வேறு என்ன சொல்வார்?

நிறைகுடம் (11:10)

வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பாட்டி போதும் என்றார், நீங்கள் இல்லை என்கிறீர்கள். அவரிடம் கேட்டுப் பார்த்தீர்களா? பாட்டி மனதில் இல்லாத குறையை நீங்கள் கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

மூன்றாம் லயம் (11:11)

என் பாட்டியை இதில் இழுக்காதீர்கள்.

செந்தூல் ரயிலடி (11:12)

நீங்கள்தானே இழுத்தீர்கள்?

மூன்றாம் லயம் (11:14)

நான் இழுக்கலாம். என் பாட்டி.

செந்தூல் ரயிலடி (11:20)

நல்ல நியாயம். எனக்குத் தோன்றுவதையும் சொல்கிறேன். புத்தர் அரண்மனையை விட்டுப் போனார், விடுவதற்கு அவரிடம் ஏதோ இருந்தது. லயத்தில் ஒன்றரை அறையில் இருந்தவன் எதை விடுவான்? ஆனால் மூன்றாம் லயம், உங்கள் முகப்புப் படத்தில் பின்னால் நிற்பது புது ஹோண்டாதானே? ஒன்பது வருடத் தவணையா? நிம்மதியாகத் தூங்குகிறீர்களா?

மூன்றாம் லயம் (11:24)

தூக்கம் நன்றாக வருகிறது. யாரைப் பார்த்தும் இறங்க வேண்டியதில்லை என்பதற்காகவே வாங்கினேன். துரை பேரன் எதிரே வந்தாலும் இறங்க மாட்டேன், கிராணி பேரன் வந்தாலும் இறங்க மாட்டேன்.

நிறைகுடம் (11:30)

எனக்கு இதில் வாதம் செய்யும் ஆசை இல்லை. வெல்லும் ஆசையும் இல்லை. இத்தோடு விடைபெறுகிறேன். எல்லாரும் நிறைவோடு வாழுங்கள்.

சொல்லாய்வான் (11:34)

போவதற்கு முன் ஒரு திருத்தம். விடைபெறுகிறேன் என்பதில் ஒற்று மிகாது, சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ராலே என்பதை ராலி என்று எழுதுவதுதான் ஒலிக்கு நெருக்கம்.

செந்தூல் ரயிலடி (11:35)

ராலேதான். செந்தூலில் எல்லாரும் ராலே என்றுதான் சொல்வோம்.

சொல்லாய்வான் (11:37)

செந்தூல் தமிழுக்கு அளவுகோல் ஆனது எப்போது?

நிறைகுடம் (11:49)

ஒரே ஒரு விஷயம் மட்டும் விட்டுப்போனது, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். என் தாத்தாவைக் கண்டு யாரும் இறங்கியதாக எங்கள் வீட்டில் சொன்னதே இல்லை.

மூன்றாம் லயம் (11:50)

எப்படிச் சொல்வார்கள்? இறங்கியவன் வீட்டில்தான் சொல்வார்கள்.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் (செவ்வாய், அதிகாலை 3:15)

இரண்டாவது ஓய்வு. நான் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் போட்டிருப்பீர்கள் என்று வந்து பார்த்தேன். ராலேயா ராலியா என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சைக்கிள் இப்போது இருக்கிறதா, அதையாவது சொல்லுங்கள்.

நிறைகுடம் (காலை 6:02)

இருக்கிறது, மகளே. என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், துணி போர்த்தி வைத்திருக்கிறேன். போன மாதம் பழைய சாமான் சேகரிக்கிறவர் ஒருவர் வந்து இரண்டாயிரம் வெள்ளி தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை.

மூன்றாம் லயம் (6:20)

ஏன், பற்றா?

நிறைகுடம் (6:24)

விலை குறைவு.

செந்தூல் ரயிலடி (6:31)

இரண்டாயிரம் குறைவுதான், ஐயா. மணி பழைய மணியா, மாற்றியதா? ஒரு படம் போடுங்கள், பார்ப்போம்.