சொகுசுக் கப்பலைத் தவறவிடப் பார்த்த கதைகள் இருந்தால் இங்கே கொட்டுங்கள்

தஞ்சாவூரான்:
சிங்கப்பூர் மரினா பே முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் ரூட். பாதிப் பேர் போயிருப்பீர்கள், அதனால் பஃபே, நீச்சல்குளக் கதையெல்லாம் வேண்டாம். புக்கெட்டில் எங்கள் கப்பல் கரையில் கட்டவில்லை. பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுவிட்டு டெண்டர் எனும் சின்னப் படகில் கொண்டுவந்து விட்டார்கள். திரும்பக் கடைசிப் படகு 5:30.

காலையிலேயே அம்மாவிடம், "இங்க ஒரு மணி நேரம் பின்னால, வாட்சை மாத்திக்கோ" என்றேன். "போடா, சும்மா சும்மா திருகினா சாவி போயிடும்" என்று சொல்லிவிட்டார். பழைய எச்எம்டி. நானும் மனைவியும் சிரித்தோம்.

சாயங்காலம் இளநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். போனில் நாலேகால். தற்செயலாக அம்மா கையைப் பார்த்தால் ஐந்து இருபத்தைந்து. அப்போதுதான் உறைத்தது: போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது, கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கிறது!

மணலில் ஓடினோம். அறுபத்தெட்டு வயது அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். நாங்கள் போய்ச் சேரும்போது கப்பல் சிப்பந்திகள் பந்தலைப் பிரித்து, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. மடக்கிய நாற்காலி ஒன்றை மறுபடி விரித்து அம்மாவை உட்காரவைத்து, காலில் ஒட்டியிருந்த மணலைத் துடைக்கத் துண்டு கொடுத்தான்.

அந்த வாட்ச்தான் காப்பாற்றியது என்று அம்மாவிடம் இன்றுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சிங்கை மாமா:
தம்பி, தப்பு உங்கள் பேரில்தான். முந்தின ராத்திரியே அறைக்கு வரும் தாளில் கப்பல் நேரம் என்று போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டுத்தான் கரையில் இறங்க வேண்டும். கப்பல்காரர்களே நடத்தும் டூரில் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள். வெளியே பேரம் பேசிப் பிடித்த வேனில் போனால் காத்திருக்க மாட்டார்கள், அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். கப்பல் சார்பில் துறைமுகத்தில் இருக்கும் ஏஜென்ட் நம்பரைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், போன் செத்தால் என்ன செய்வீர்கள்? பாஸ்போர்ட் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இன்னொன்று: சிங்கப்பூரை விட்டுக் கப்பலில் போய்த் திரும்புவதும் மறுநுழைவுதான். விசா மல்டிபிள் என்ட்ரியா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். முதல் நாள் அது அறைக்கு வரவே சாயங்காலம் ஆகிவிடும்.

என் அனுபவம் ஒன்றுமில்லை. கடைசி ராத்திரி பெட்டியை வாசலில் வைக்கச் சொன்னார்கள், பேன்ட் அத்தனையையும் உள்ளே போட்டுப் பூட்டி வைத்துவிட்டேன். காலையில் கைலியோடு இமிகிரேஷன் வரிசையில் நின்றேன். அந்த அதிகாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திருச்சி மலர்:
மாமா, அவர் கேட்டது கதை, பாடம் இல்லை.

எனக்கு 2009. எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட தம்பிக்குத் தூத்துக்குடி. மூன்று நாள் இங்கிலீஷிலேயே பேசிவிட்டு, நான்காம் நாள் என் மாமியார் பருப்புப் பொடி டப்பாவைத் திறந்ததும், "பூண்டு போட்டதா ஆச்சி?" என்றான். எடுத்துக்கோ என்றால் மாட்டேன் என்கிறான், பயணிகளிடம் வாங்கக்கூடாதாம். டப்பாவை மூக்கருகே பிடித்துவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்தான். எட்டு மாதக் கான்ட்ராக்டில் ஐந்தாவது மாதம். இறங்கும்போது ஒரு நம்பர் எழுதிக் கொடுத்து, "ஊருக்குப் போனதும் அம்மாகிட்ட, மெலியலன்னு மட்டும் சொல்லுங்க அக்கா" என்றான். பெட்டியைப் பிரித்த அன்று தேடினேன், அந்தத் துண்டுச் சீட்டு இல்லை. டப்பாவைக் கழுவும்போது மாமியாரிடம் அழுதுவிட்டேன்.

அவன் மெலிந்துதான் இருந்தான்.

நாகை மைந்தன்:
சொகுசு பேசும் இடத்தில் இதைச் சொல்லலாமா தெரியவில்லை. அப்பா பினாங்குக்குப் போனது 'சிதம்பரம்' கப்பலில். நாகப்பட்டினத்தில் கப்பல் ஆழத்தில் தள்ளி நிற்கும். ஆட்களும் சாமானும் படகில்தான் போக வேண்டும். நான் ஆறு வயசுப் பையன். அப்பாவின் தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் பேரும் 'பினாங்கு' என்றும் எழுதியிருந்தது. படகு அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த வெள்ளை எழுத்து மறைந்து மறைந்து தெரியும். அப்பா முகம் ஞாபகமில்லை, அந்தப் பெட்டிதான் இருக்கிறது.

1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் செத்துப்போனார்கள். அதோடு அந்தப் பயணிகள் ஓட்டமே நின்றது. அப்பா அதில் இல்லை. ஆனால் தந்தி வரும்வரை வீட்டில் உலை வைக்கவில்லை.

சிங்கை மாமா:
வருத்தம்தான். ஆனால் இங்கே பேச்சு சொகுசுக் கப்பல் பற்றி. சிதம்பரம் கூலிக்கும் குடும்பத்துக்கும் ஓடிய கப்பல்.

நாகை மைந்தன்:
அது பிரான்சில் கட்டியது மாமா. பழைய பெயர் 'பாஸ்டர்'. வெள்ளைக்காரர்களைத் தென் அமெரிக்காவுக்கு ஏற்றிப்போனபோது சொகுசு, எங்கப்பா ஏறியதும் கூலிக் கப்பலா?

கரைசேர்ந்தவன்:
சண்டை வேண்டாம். நான் கப்பலில் ஓட்டல் பிரிவில் இருந்தவன். தீ என்றதும் சொல்கிறேன், ஏழு குட்டை ஒரு நெட்டையாக ஆபத்துச் சங்கு ஊதும்போது பாரில் உட்கார்ந்து கையாட்டாதீர்கள். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா சாய்ந்தபோது அன்று ஏறிய பயணிகளுக்கு ஆபத்தில் தப்பிக்கும் ஒத்திகையே நடக்கவில்லை. 32 பேர் போனார்கள். கப்பல் கிளம்பும் முன்பே அல்லது கிளம்பியவுடனே ஒத்திகை என்ற விதி அதன் பிறகுதான் வந்தது. என் பயிற்சி நாளில் ஒரு பாட்டி உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே மாட்டேன் என்று அதோடு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் பரிமாறினேன், நானும் சிரித்தேன்.

தஞ்சாவூரான்:
மலர் அக்கா கதையைப் படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. இப்போதுதான் அம்மாவிடம் போய், அன்றைக்கு உன் வாட்ச் இல்லையென்றால் கப்பல் போயிருக்கும் என்று சொன்னேன்.

"அது எப்பவும் பத்து நிமிஷம் கூட ஓடும்டா. ஏன் அப்படி ஓடுறீங்கன்னு அன்னிக்கே கேக்கலாம்னு இருந்தேன்" என்கிறார்.