42 பிள்ளைகள், மூன்று குழு: நடக்கிற காரியமா?

மூதூர்_கணிதம்:
திருமலையில் நடந்த பயிற்சியில் "வேறுபடுத்திக் கற்பித்தல்" பற்றி, அதாவது ஒரே வகுப்பில் பிள்ளைகளின் நிலைக்கேற்ப வேறு வேறு விதமாகக் கற்பிப்பது பற்றி, நாள் முழுக்கச் சொன்னார்கள். எனக்குத் தரம் 7இல் 42 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். மூன்று குழுவுக்கு மூன்று பாடம் எழுதுவதா, தவணைக்குள் பாடத்திட்டத்தை முடிப்பதா? சொன்னவர்கள் ஒரு கிழமை வந்து செய்து காட்டட்டும்.

உப்புவெளி_ரீச்சர்:
சேர், மூன்று பாடம் யார் கேட்டது? இதைப் பரப்பிய அமெரிக்கக் கல்வியாளர் கரோல் ஆன் டொம்லின்சன், ஆசிரியர் மாற்றக்கூடியவை என்று சொல்வது உள்ளடக்கம், செயல்முறை, வெளிப்பாடு, சூழல் என்ற நான்கு. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றத் தேவையில்லை.

பின்னக் கூட்டல் தொடங்குமுன் 1/2 + 1/3 என்று ஒரே ஒரு கணக்குப் போடுவேன், அரைத்தாளில் செய்து தரவேண்டும். 2/5 எழுதியவர்கள் மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் கூட்டியிருக்கிறார்கள். "2/5 அரையை விடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்?" என்று கேட்டுவிட்டு, தாளை ஆறு கட்டமாக மடித்து நிறம் தீட்ட விடுவேன். 5/6 வந்தவர்களுக்குப் பாடநூலின் வசனக் கணக்குகள். இடையில் தடுமாறுபவர்கள் முன்வாங்கில் என்னோடு. எல்லாருக்கும் படிப்பது பின்னக் கூட்டல்தான்.

கிண்ணியா_வாப்பா:
நல்லாத்தான் இருக்கு. ஆனால் என் மகனை "மெல்லக் கற்போர்" மேசையில் இருத்தினார்கள், தவணை முடியும்வரை அங்கேதான். இப்போது அவனே தன்னை அப்படிச் சொல்கிறான்.

உப்புவெளி_ரீச்சர்:
அது தரம் பிரிப்பு, வாப்பா. குழு அலகுக்கு அலகு மாறவேண்டும். பின்னத்தில் திணறும் பிள்ளை கேத்திர கணிதத்தில் முன்னுக்கு நிற்கும். மேசைக்குப் பெயர் வைத்தவர்தான் பிழை.

மூதூர்_கணிதம்:
பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்றும் பிரிக்கச் சொன்னார்களே?

நிலாவெளி_விஞ்ஞானம்:
அதை விடுங்கள் சேர். 2008இல் உளவியலாளர் பாஷ்லர் குழுவினர் ஆய்வுகளை அலசி, கற்கும் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். ஒளித்தொகுப்புக்குப் படமும் வேண்டும், விளக்கமும் வேண்டும், எல்லாருக்கும்.

மூதூர்_கணிதம்:
சரி, அரைத்தாளை ஒத்துக்கொள்கிறேன். 42 தாளை எப்போது திருத்துவது?

உப்புவெளி_ரீச்சர்:
திருத்தாதீர்கள். விடையை மட்டும் பார்த்து மூன்று கட்டாகப் போடுங்கள். இடைவேளையில் முடியும்.

மூதூர்_கணிதம்:
இடைவேளையில் எனக்குச் சிற்றுண்டிச்சாலைக் கடமை, ரீச்சர். பக்கத்து வகுப்புக்கு ஆசிரியர் வராத நாளில் அந்தப் பிள்ளைகளும் என்னிடம்தான். அன்றைக்கு எத்தனை கட்டு?