காருக்குத் தனி ஜிபிஎஸ் கருவி: எதை வாங்கலாம்?

வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர், அதனால் கோவையிலிருந்து வால்பாறைக்கு அடிக்கடி காரில் போவார். ஆழியாறு தாண்டி வரும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு அத்துப்படி. சிக்கல் எஸ்டேட்டுகளுக்குள் பிரியும் சாலைகளில்தான். பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது.

மேப்பை முன்பே இறக்கி வைத்தால் டவர் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பது தெரியும், அப்படித்தான் செய்து கொடுத்தேன். ஆனால் போன மாதம் டேஷ்போர்டு வெயிலில் போன் சூடாகித் தானே அணைந்துவிட்டது. பாவம், இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டுமே என்று (யானை பயம்) தவித்துவிட்டார். "வழி காட்ட மட்டும் ஒரு பெட்டி வாங்கிக் கொடு" என்கிறார்.

கார்மின், டாம்டாம் இரண்டில் ஏதாவது வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: எஸ்டேட் சாலைகள் அதில் வருகின்றனவா? இந்திய மேப் அப்டேட் இலவசமா? துபாயில் இருக்கும் மாமா வாங்கி வருகிறேன் என்கிறார், ஆனால் அங்கே விற்பதில் இந்திய மேப்பைத் தனியாகக் காசு கொடுத்து ஏற்ற வேண்டியிருக்குமோ என்று யோசனை. திரை 7 அங்குலம் இருந்தால் நல்லது, கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது. அப்புறம், காரில் ஒரே ஒரு 12 வோல்ட் சாக்கெட்தான்.

பட்ஜெட் 15,000 ரூபாய். பழைய டேப்லெட்டே போதும் என்றாலும் சரி, சொல்லுங்கள்.