தண்ணீர் தவிப்பது வேறு, நாக்கு ஒட்டுவது வேறு

அம்மா திருநெல்வேலிக்காரர். தாகம் எடுத்தால் "தண்ணீர் தவிக்கிறது" என்பார். "வாய் காய்கிறது", "நாக்கு ஒட்டுகிறது" என்றால் அது வேறு. சென்னையில் வளர்ந்த எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன. அதனால் அம்மா இரண்டு மாதம் அவதிப்பட்டார்.

தும்மலுக்காகத் தினமும் இரவில் ஒரு மாத்திரை எடுத்துவந்தார். சில வாரங்களில், "நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது" என்று சொல்லத் தொடங்கினார். நான் மருத்துவரிடம் "அடிக்கடி தாகம் எடுக்கிறதாம்" என்று மாற்றிச் சொன்னேன். சர்க்கரை பார்க்கச் சொன்னார்; அளவு சரியாக இருந்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததில் அம்மாவுக்கு இரவுத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

அடுத்த முறை அம்மாவே பேசினார். "தண்ணீர் தவிக்கவில்லை ஐயா, எச்சில்தான் ஊறவில்லை. குழம்பு ஊற்றிப் பிசைந்தாலும் சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது." மருத்துவர் உடனே மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புச் செய்தியைத் தடுத்துவிடும் என்றார். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊற வேண்டிய உமிழ்நீர் அப்படித்தான் குறைந்திருக்கிறது. மாத்திரையை மாற்றியதும் சில நாட்களில் சரியாயிற்று. அம்மா சொன்ன சொல்லை அப்படியே சொல்லியிருக்கலாம்; அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

உங்கள் வீடுகளில் இதற்கு என்ன சொல்வீர்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

நாங்கள் "தண்ணீர் விடாய்க்கிறது" என்போம். சென்னையில் படிக்க வந்த புதிதில் விடுதிக் காப்பாளரிடம், "அக்கா, சரியான விடாயாக இருக்கிறது" என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, அறைக்குப் போய்ப் படுக்கச் சொல்லி, வெந்நீர்ப் பையோடு வந்தார். மாதவிடாய் என்று நினைத்துவிட்டார். அந்த அன்பை மறக்கவே மாட்டேன். தமிழ்நாட்டில் இந்தச் சொல் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. பெருவிழா முடிந்த பிறகு சுவாமியின் களைப்புத் தீர நடத்தும் விடாயாற்றி உற்சவத்தில் இருப்பதும் இதே விடாய்தான்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆசிரியை:

"தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன்" என்று வகுப்பில் சொல்லாத நாளில்லை. அது பேசிப் பேசி வருவது. ஒரு வாய் வெந்நீரில் போய்விடும். முதல் மேடைப் பேச்சில் நா உலர்ந்து உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது, அதுதான் கொடுமை. பயத்தில் எச்சில் குறைந்து பிசினாகிவிடுகிறது.

ஈரோட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

அப்பாவுக்கு வாய்ப்புற்றுக்காகக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதில் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அடிபட்டன. "வாயெல்லாம் வறவறவென்று இருக்கிறது" என்பார். எங்கே போனாலும் கையில் சிறிய தண்ணீர் பாட்டில். குடிக்க அல்ல, நனைக்க. முறுக்கு, பொரி எல்லாம் நின்றுபோயின. ரசஞ்சாதமும் மோர்சாதமும்தான் இறங்கின.

ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அம்மா அரிவாள்மணையில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங்க, எனக்கு வாய் ஊறுகிறது" என்றார். அம்மா மணையைத் தள்ளிவைத்துவிட்டு அழுதார்.