சேமிப்பு இருக்கிறது, வருமானம் குறைவு: கிரெடிட் கார்டு கேட்டுப் போன அனுபவங்கள்

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுப்பதில் வருவது செலவுக்குச் சரியாகப் போகும், பழைய சேமிப்பில் கை வைத்ததில்லை. அந்தச் சேமிப்பு இருக்கும் வங்கியிலேயே கார்டு கேட்டேன். அதிகாரி பாஸ்புக்கின் கடைசி வரியைப் பார்த்தார், மூடி என் பக்கம் நகர்த்தினார், விண்ணப்பத்தில் 'மாத வருமானம்' என்ற கட்டத்தில் பேனா முனையை வைத்து, "இதைத்தான் சார் பார்ப்பாங்க" என்றார். அந்தப் பேனா முனை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நிராகரிப்பு வந்தது. கோபத்தில் அதே மாதம் இன்னும் இரண்டு இடத்தில் போட்டேன், அதுவும் போச்சு. கடன் வரலாறே இல்லையாம். யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தது ஒரு குறையா?

* * *

வங்கியைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சேமிப்பை நாளைக்கே நீங்கள் எடுத்துவிடலாம், அதன்மேல் அவர்களுக்குப் பிடி கிடையாது. அந்தப் பிடியைக் கொடுத்தால் கார்டு வரும். ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு டெபாசிட்டை ஈடாக வைத்துத்தான் வாங்கினோம். ரசீதைக் கொடுக்கும்போது அப்பா சட்டென்று விடவில்லை, இரண்டு பேர் விரலுக்கும் நடுவே அந்தக் காகிதம் ஒரு நொடி நின்றது.

அப்புறம், ஒரே மாதத்தில் மூன்று இடத்தில் போட்டது தப்பு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்ப்பார்கள், அது பதிவாகும், அடுத்து பார்ப்பவர் இவருக்குப் பண நெருக்கடி போல என்று நினைப்பார். அந்த அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்த்தால் உங்கள் கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) குறையாது. சில மாதம் விட்டு ஒரே இடத்தில் போடுங்கள். கார்டு வந்ததும் செலவை வரம்பில் 30 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள், பில்லை முழுதாகக் கட்டுங்கள். 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். மீதிக்கு மாதம் 3 சதவீத வட்டி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வட்டிக்கு வட்டி ஏறினால் வருஷத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள், பெரும்பாலும் எடுத்த அன்றைக்கே வட்டி ஆரம்பமாகிவிடும்.

* * *

மேலே இவ்வளவு சொன்னவர் முக்கியமானதை விட்டுவிட்டார். ஈடாக வைத்த டெபாசிட்டைக் கார்டு இருக்கும்வரை உடைக்க முடியாது. அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போய் இதைச் சொல்லாமல் விடலாமா? நான் மொத்தத்தையும் ஒரே டெபாசிட்டாகப் போட்டு ஈடு வைத்திருந்தேன். கணவரை ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கார்டு வரம்பு முன்பணத்துக்குப் போதவில்லை, டெபாசிட் தொகை போன் திரையில் தெரிகிறது, எடுக்கத்தான் வழியில்லை. வராந்தாவில் நின்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை வந்து கட்டினாள். சின்னத் தொகையைத் தனி டெபாசிட்டாகப் பிரித்து, அதை மட்டும் ஈடு வையுங்கள் தம்பி.

* * *

பிரித்துப் போடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை அக்கா, நன்றி. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஈட்டை உடனே விடுவிப்பார்களா, உங்களுக்கு எத்தனை நாள் ஆயிற்று?